மாப்பிள்ளையிடம் யார் சொல்வது?

ஜூன் 9, திங்கள்

யாழி தூங்கிவிட்டாள். மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். வருகிறது. இன்னொரு முறை பார்க்கப் போனபோது விமல் போர்வைக்குள்ளிருந்து, "வந்துட்டேதான் இருக்கு, நீ வந்து படு" என்றார். அதனால் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கிருந்தால் அவள் சிணுங்குவது கேட்கும். சிணுங்காவிட்டாலும் கேட்டது போலவே இருக்கும்.

பிரசவ விடுப்பு முடிந்து இன்றைக்கு ஆபீஸ். கருணாகரன் சார் ஆபீஸ் பெரிதாக ஒன்றுமில்லை. காந்திபுரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மேலே இரண்டு அறை. சார், நான், இரைச்சல் போடும் ஒரு ஏ.சி. கம்பெனி ஒப்பந்தம், ஃபிரான்சைஸ், டிரேட்மார்க், இவைதான் பிழைப்பு. கொலை, கொள்ளை, விவாகரத்து எதுவும் கிடையாது. என் சித்தப்பா இன்றுவரை, "கோர்ட்டுக்கே போகாத வக்கீலா நீ?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

என் மேசையில் பிரதீப் என்று ஒருவன் உட்கார்ந்திருந்தான். சார் சம்சாரத்தின் தங்கை மகன். இந்த வருஷம்தான் சட்டம் முடித்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "உக்காருங்க அக்கா" என்றான். நான், "பரவாயில்லப்பா, நீ உக்காரு" என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் கேன் பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டூலும் குட்டி மேசையும் போட்டிருந்தார்கள். "தற்காலிகம்தாம்மா" என்றார் சார். அவன் அங்கே இருப்பதா, நான் இங்கே இருப்பதா, எது தற்காலிகம் என்று நான் கேட்கவில்லை.

ஒரே ஒரு ஃபைல் கொடுத்தார். 'மாராத்தா மெஸ்.' "இது ஒண்ணை முடிச்சுக் கொடுங்கம்மா. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்." சொல்லும்போது ஃபேனைப் பார்த்தார். புழுக்கமாக இருந்திருக்கும்.

மத்ததெல்லாம் என்றால்? "சம்பளத்தை ஏத்துவாரா இருக்கும்" என்றார் விமல். எனக்கும் அப்படித்தான் படுகிறது. அம்மாதான், "உன் எடத்துல ஆள் போட்டுட்டாங்களாடி? வேலை இருக்கா, போச்சா?" என்று கேட்டுவிட்டுத் தோசையைத் திருப்பிப் போட்டாள். அம்மாவுக்கு எப்போதும் அவநம்பிக்கை.

ஜூன் 10, செவ்வாய்

யாழி அழுகிறாளா என்று வீட்டுக்குப் போன் செய்தேன். "தூங்கிட்டுதான் இருந்தா. உன் போன்லதான் எந்திரிச்சா" என்று அம்மா வைத்துவிட்டாள்.

ஜூன் 12, வியாழன்

மாராத்தா மெஸ் ஓனர் தண்டபாணியும் அவர் மனைவி பிரேமாவும் வந்தார்கள். அவருக்கு நாற்பது இருக்கும். வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு 'ங்க'. கல்யாணமான புதிதில் சூரத்தில் துணி வியாபாரம் செய்தாராம். அங்கே மாமியார் சொல்லிக் கொடுத்த பக்குவத்தில் பிரேமா செய்யும் அரிசிம்பருப்புச் சாதத்துக்கு மார்வாடிகள் வரிசையில் நின்றதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்ததாம். கோயமுத்தூரில் ஒரு கடையில் தொடங்கி இன்றைக்கு ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சி என்று இருபதுக்கும் மேல் ஃபிரான்சைஸ். எல்லாப் போர்டிலும் 'மாராத்தா' என்று மாமியார் பெயர், பக்கத்தில் வட்டத்துக்குள் மாமியார் முகம். உருண்டை முகம், இரண்டு பக்கமும் மூக்குத்தி, தாடையில் மச்சம்.

சிக்கல் இதுதான். உயிரோடு இருக்கிறவருடைய பெயரையோ முகத்தையோ டிரேட்மார்க்கில் வைத்தால் அவர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும் என்று ரெஜிஸ்ட்ரி ஆட்சேபம் சொல்லியிருக்கிறது. அது தீர்ந்து விண்ணப்பம் ஏற்கப்பட்டால்தான் பெங்களூர்க்காரர்கள் கர்நாடகா முழுமைக்கும் ஒப்பந்தம் போடுவார்கள். ஜூலை கடைசிவரைதான் கெடு.

இது ஒரு வேலையா? மாமியாரிடம் ஒரு கையெழுத்து. 'இந்த முகம் என் மாமியாருடையது, அவர் சம்மதக் கடிதம் பின்னால் வருகிறது' என்று தண்டபாணி பெயரில் ஒரு பிரமாணப் பத்திரம் அடித்தேன். கையெழுத்துப் போடும்போது அவர் காலண்டரைப் பார்த்தார், பிரேமா ஹேண்ட்பேக் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினார். பக்தியான தம்பதி, அவசரத்தில் இருந்தார்கள் போல. சாயங்காலமே இணையத்தில் ஏற்றிவிட்டேன்.

"அதுக்குள்ளயாம்மா?" என்றார் சார். சந்தோஷம் என்று சொல்ல முடியாத ஒரு குரல்.

ஜூன் 16, திங்கள்

சம்மதக் கடிதம் கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது. மாராத்தாளுக்குக் கை வலியாம்.

ஜூன் 19, வியாழன்

கை சரியாகிவிட்டது. இப்போது கண்ணாடி உடைந்துவிட்டது.

ஜூன் 23, திங்கள்

கண்ணாடி வாங்கியாகிவிட்டது. நாள் நன்றாக இல்லை. தேய்பிறையில் கையெழுத்துப் போட்டால் தொழில் தேயுமாம். தண்டபாணியைப் போனில் பிடித்து, "நீங்களே போய் நேரா ஒரு வார்த்தை கேட்டா என்ன சார்?" என்றேன்.

"நானுங்களா?" ஏதோ கிணற்றில் குதிக்கச் சொன்னது போலப் பதறினார். "அத்தை எம் முன்னாடி வரமாட்டாங்க மேடம். எங்க பக்கம் அப்படித்தானுங்க. மாப்பிள்ளை வந்தா மாமியார் கதவுக்குப் பின்னாடி. கண்ணாலமான நாள்ல இருந்து நாங் கேட்டதெல்லாம் வளையல் சத்தம், பாத்ததெல்லாம் சேலைத் தலைப்பு."

"இத்தனை வருஷமாவா?"

"மரியாதைங்க" என்றார்.

ரெஜிஸ்ட்ரியில் இருந்து நோட்டீஸ் வந்துவிட்டது. ஜூலை 10, வீடியோவில் விசாரணை. பிரதீப் எட்டிப் பார்த்து, "கஷ்டமான ஃபைல்தான்னு பெரியப்பா அப்பவே சொன்னாரு அக்கா" என்றான். எப்பவே என்று கேட்பதற்குள் அம்மாவிடமிருந்து போன். யாழி எதையோ விழுங்கிவிட்டாள். பேப்பர். நல்ல பேப்பர்தானாம்.

ஜூன் 25, புதன்

யாழி "ப்பா" என்றாள். காலையில் தொடங்கி கதவு, பூனை, மிக்ஸி எல்லாவற்றையும் பார்த்து "ப்பா". என்னைப் பார்த்தும் "ப்பா". 'எட்டு மாதக் குழந்தை அம்மாவை மறக்குமா' என்று தேடினேன். மறக்காது என்று நாலு பக்கம், மறக்கலாம் என்று ஒரு பக்கம். அந்த ஒரு பக்கத்தைத்தான் முழுதாகப் படித்தேன்.

விமல் கம்பெனியில் பம்ப் ஏற்றுமதி நேரம், வர ஒன்பதாகிறது. அம்மா வைத்த சாம்பார் காரம் தாங்காமல் கண்ணில் தண்ணீரோடு சாப்பிட்டார். "எங்கம்மாகிட்டச் சொல்லலாமே" என்றேன். "அத்தை மனசு கஷ்டப்படும்" என்று மோரை ஊற்றிக்கொண்டார். என்ன மனிதர்களோ.

ஜூன் 28, சனி

இன்றைக்கு நடந்ததை முழுசாக எழுதிவிட வேண்டும்.

நானே மாராத்தாளைப் பார்த்துவிடுவது என்று உடுமலைப் பக்கம் கிளம்பினேன். அம்மா ஒரு சீருக்குப் போய்விட்டதால் யாழியும் இடுப்பில். கோபத்தில் இருக்கும் மாமியாரை எப்படிச் சமாதானம் செய்வது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். நிச்சயமாக ஏதோ விசேஷத்தில் மரியாதைக் குறைவு நடந்திருக்கிறது, மாப்பிள்ளை வீட்டில் மறைக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியிருந்தது.

ஓட்டு வீடு, முன்னால் தென்னந்தோப்பு. மாராத்தாளின் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார வைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தார். அந்த அம்மா மட்டும் சமையலறையை விட்டு வெளியே வரவேயில்லை.

"வாங்கம்மிணி! அடுப்புல வேலையா இருக்கறேன், அங்கயே உக்காருங்க" என்று குரல் மட்டும் வந்தது.

"முடிச்சுட்டே வாங்கம்மா, நான் இருக்கேன்."

"முடியாதுங் கண்ணு. இன்னைக்கு நெறையா அடுப்பு வேலை."

நான் திண்டாடிக்கொண்டு சுவரிடம் பேசினேன். இந்தக் கையெழுத்து எவ்வளவு முக்கியம், பெங்களூரில் எத்தனை கடை வரும், உங்கள் பெயர் கர்நாடகா முழுக்க, என்றெல்லாம். சுவர், "செரிங், செரிங்" என்றது. இந்த நேரத்தில் யாழி மடியிலிருந்து இறங்கிச் சமையலறையை நோக்கித் தவழ ஆரம்பித்தாள். சாதாரணமாக அவள் ஆமை. அடுப்பு என்றால் முயல். நான் ஃபைலோடு பின்னாலேயே ஓடி உள்ளே நுழைந்தேன்.

அடுப்பு அணைந்துதான் இருந்தது. பாத்திரம் எதுவும் இல்லை. நடுவில் ஒரு மணையில் சும்மா உட்கார்ந்திருந்த அம்மா, யாழியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

ஒல்லி முகம். நீள முகம். மூக்குத்தி ஒரே பக்கம்.

"நீங்க... மாராத்தாளம்மாங்களா?"

"ஆமாங் கண்ணு."

கையிலிருந்த ஃபைலைத் திறந்து லேபிளைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். மறுபடி லேபிள். "வயசுல கொஞ்சம் மாறிட்டீங்களோ?" என்றேன். வேறு என்ன கேட்பது?

"எத்தன வயசானாலும் மச்சம் அழிஞ்சு போகுமுங்களா கண்ணு?" என்றார்.

பிறகு கொட்டிவிட்டார். அந்த முகம் அவருடைய ஓரகத்தி பாப்பாத்தியுடையது, அதாவது கொழுந்தனார் சம்சாரம். தண்டபாணி கல்யாணத்தில் பெண்வீட்டார் எல்லோரும் குழுவாக நின்று போட்டோ எடுத்தபோது மாராத்தாள் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் பாப்பாத்தி போய் நின்றுகொண்டார். மாப்பிள்ளைக்கு மாமியார் முகம் தெரியாது. மாமனாருக்குப் பக்கத்தில் நின்றவர்தான் மாமியார் என்று நினைத்து அந்தப் படத்தைக் கொடுத்து வரையச் சொல்லிவிட்டார்.

"கடை தொறப்பு அன்னைக்குப் பந்துசனம் அத்தனையும் வந்துருக்குது. நான் பொம்பளைங்க கூட்டத்துக்குப் பின்னாடி. மாப்ளை போர்டுத் துணிய உருவுனாரு. பாத்தா, அவ! சிரிச்சுட்டு நிக்கறா! எங்க ஊட்டுக்காரரு எங் கையப் புடிச்சு அமுக்குனாரு. பேசீறாத, மாப்ளை மனசு சங்கடப்படும்னு. ஒருத்தரு வாயத் தொறக்கோணுமே! அல்லாரும் கை தட்டுனாங்க."

"நீங்க?"

"நானுந்தான் தட்டுனனுங்."

"உங்க பொண்ணு பிரேமா?"

"அவதான் மொதல்ல தட்டுனா."

பாப்பாத்தியின் முகம் சாப்பாட்டுக் கடையில் இருப்பதுதான் மாராத்தாளுக்குத் தாங்கவில்லை. "அவ வெச்ச ரசத்த எங்கூட்டு எரும மோந்து பாத்துப்போட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சுங். அந்தக் கை செஞ்ச சோறுன்னு ஊரே நெனைக்குது!" ஆனால் கையெழுத்துப் போடாததற்கு அது காரணமில்லை. 'இந்த முகம் என் முகம்' என்று கடிதத்தில் இருப்பதைப் பிரேமா படித்துக் காட்டியிருக்கிறார். "பொய்யிக்கு எப்படிங் கையெழுத்துப் போடறது? மாட்டேன்னா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு சொன்னா மாப்ளைக்குத் தெரிஞ்சு போகும். அதான் கை வலி."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஃபைலை மறுபடி திறந்து பார்த்தேன். 'இந்த முகம் என் மாமியாருடையது' என்று சத்தியம் செய்து ஏற்றியிருப்பது நான் அடித்த பத்திரம். யாழி பக்கத்து சீட்டுக்காரரைப் பார்த்து "ப்பா" என்றாள். அதற்கும் நான்தான் விளக்கம் சொன்னேன்.

ஜூன் 30, திங்கள்

சாரிடம் சொன்னேன். நெடுநேரம் ஃபேனைப் பார்த்தார்.

"போர்டை மாத்தச் சொல்லலாமா சார்?"

"படத்தை மாத்தினா புது விண்ணப்பம்மா. முதல்லேர்ந்து. பெங்களூர் போயிடும்."

"அப்ப கிளையண்ட்கிட்ட உண்மையைச் சொல்லித் திருத்தப் பத்திரம் போடணும். நீங்க சொல்றீங்களா சார்?"

"அது... ஒரு மனுஷன்கிட்டப் போய், உங்க மாமியார் உங்க மாமியார் இல்லைன்னு எப்படிம்மா சொல்றது? நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்க." எழுந்து போகும்போது கருணையாக, "முடியலைன்னா விட்டுடுங்கம்மா. குழந்தையை வெச்சுக்கிட்டு இவ்வளவு சிரமம் எதுக்கு?" என்றார்.

நல்லவர். ஆனால் அந்த வாக்கியம் சாயங்காலம் முழுக்கக் காலில் குத்திய முள்ளாக இருந்தது. பருப்பு கரிந்தது. அம்மா, "உன்னை அனுப்பப் பார்க்கறாங்கடி" என்றாள். நான் பருப்பைச் சுரண்டினேன்.

ஜூலை 1, செவ்வாய்

தண்டபாணியைத் தனியாக வரச் சொல்லி, தண்ணீர் கேன் பக்கத்தில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, இன்னொரு டம்ளரும் கொடுத்து, சுற்றி வளைத்து ஆரம்பித்தேன். "சார், சில சமயம் நாம பார்க்கறது ஒண்ணு, இருக்கறது ஒண்ணு..."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "பாப்பாத்திச் சின்னத்தை விசயமுங்களா?"

நான் வாயை மூடவில்லை. மூடத் தோன்றவில்லை.

"எனக்கு ரெண்டாவது மாசமே தெரியுமுங்க. திருப்பூர்ல கடை போட்டப்ப போர்டுக்குக் கீழயே அந்தம்மா உக்காந்து சோறு உண்டுட்டு இருந்தாங்க. 'யாருங்க நீங்க'ன்னு கேட்டேன். 'பிரேமாவுக்குச் சின்னம்மா'ன்னாங்க. அன்னைக்குப் பூரா எனக்கு உண்ண முடியலைங்க."

"அப்பவே மாத்தியிருக்கலாமே சார்!"

"எப்படிங்க? மாமியாருக்குக் கண்ணு செரியாத் தெரியாது, தன்னோட மொகம்னே நெனைச்சுட்டு இருக்காங்கன்னு நெனைச்சேன். மாத்துனா, இத்தன நாளு வேற மொகமான்னு அவங்க மனசு ஒடஞ்சு போயிருமல்லங்க? பிரேமாவும் ஒண்ணுஞ் சொல்லலை. செரி, ஊட்டுல யாரும் கவனிக்கல, கடவுளாப் பாத்துக் காப்பாத்திட்டான்னு இருந்துட்டேன்."

"எல்லாருக்கும் தெரியும் சார். திறப்பு விழா அன்னைக்கே தெரியும். நீங்க சங்கடப்படுவீங்கன்னு கை தட்டியிருக்காங்க."

தண்டபாணி நெற்றிச் சந்தனத்தை மெல்லத் துடைத்துக்கொண்டார். "அத்தையுமா?"

"அவங்களும்."

"அப்ப அன்னைக்குக் கையெழுத்துப் போடறப்ப பிரேமா பக்கத்துல உக்காந்துட்டு..."

"நீங்களும்தான் உக்காந்திருந்தீங்க" என்றேன். கொஞ்சம் காரமாகவே வந்துவிட்டது. "பிரமாணப் பத்திரம்னா சத்தியம் சார். என்னை விட்டுப் பொய்ச் சத்தியம் அடிக்க வெச்சிருக்கீங்க. தெரிஞ்சே போட்டேன்னு உள்ளதை உள்ளபடி இப்ப ஒரு திருத்தப் பத்திரம். பெயருக்கு மாராத்தாள் சம்மதம், முகத்துக்குப் பாப்பாத்தி சம்மதம், ரெண்டும் வேணும். பத்தாம் தேதி விசாரணை."

"பாப்பாத்திச் சின்னத்தையும் எங்க அத்தையும் பேசிக்கறதில்லீங்களே மேடம்."

"எத்தனை நாளா?"

"அந்த எரும உசுரோட இருந்த காலத்துல இருந்துங்க."

ஜூலை 4, வெள்ளி

திருப்பூர். ஃபிரான்சைஸ் கடைக்கு முன்னால் போய் நின்றேன். போர்டும் ஆளும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். அதே உருண்டை முகம், அதே மூக்குத்திகள், அதே மச்சம். கல்லாவுக்குப் பக்கத்தில் அவருக்கென்றே ஒரு நாற்காலி.

கடை நடத்துகிறவர் ரகசியமாக, "ஓனரோட மாமியாருங்க. தெனம் வந்து ருசி பாத்துச் சொல்லீட்டுப் போவாங்க" என்றார்.

"என்ன சொல்வாங்க?"

"உப்புக் கொறச்சல்னு. அவங்க முன்னாடி உப்பப் போட்டுட்டு, போனதுக்கப்புறம் தண்ணி ஊத்திக்குவோமுங்க."

பாப்பாத்தி என்னை உட்கார வைத்தார். மகன் பனியன் கம்பெனிக்கு டெய்லரிங் ஜாப் எடுத்துச் செய்கிறான், மருமகள் வேலைக்குப் போகிறாள், வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் இங்கே வந்துவிடுகிறாராம். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை.

"மொகம் என்னோடதுதானுங் கண்ணு. நாங் கேட்டனா? அவங்களாப் போட்டாங்க. நானும் சனம் கையெடுத்துக் கும்புடறப்ப வேண்டாங்கறதில்ல. கும்புடறவங்க மனசு சங்கடப்படுமல்லோ?"

"ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டீங்கன்னா..."

"போடறேன். பேஷாப் போடறேன். ஒரே ஒரு காரியம்." அவர் குரல் மாறியது. "இருவது வருசத்துக்கு முன்னால ஒரு விருந்துல அத்தன சனத்துக்கு முன்னாடி எஞ் சமையலப் பத்திச் சொன்னா பாருங்க எங்கக்கா, அன்னைலருந்து எந்த விசேசத்துலயும் என்னைய அடுப்புக்கிட்டச் சேக்கறதில்லீங். காய் நறுக்கக் கூட விடமாட்டாங்க. அவ ஊட்டு அடுப்புல நாஞ் சமைக்கோணும். அவ உக்காந்து முழுசா உண்ணோணும். அப்பறம் கையெழுத்து."

அரிசிம்பருப்பு ஒரு தட்டு எனக்கும் வந்தது. ருசி. மாராத்தாள் சொல்லிக் கொடுத்த பக்குவம். போர்டில் இருக்கும் முகம்தான் இதைச் சமைத்தது என்றுதானே ஊரே நினைக்கிறது. அந்த முகத்துக்காரரான இந்த அம்மாவுக்கு அடுப்புப் பக்கத்தில்கூட இடமில்லை. திடீரென்று தண்ணீர் கேன் பக்கத்து ஸ்டூல் ஞாபகம் வந்தது. ஏனென்று தெரியவில்லை.

ஜூலை 5, சனி

மாராத்தாளிடம் போனில் நிபந்தனையைச் சொன்னேன். "முழுசாவா கண்ணு?" என்றார்.

ஜூலை 6, ஞாயிறு

உடுமலை. தண்டபாணி காரில் நான், யாழி, பிரேமா, பாப்பாத்தி. தண்டபாணியும் பிரேமாவும் செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கிறார்களாம். "நாலு வருசம் நெஞ்சுல கல்லு மேடம். அவளுக்கும் அதே கல்லுதானுங்க" என்றார்.

பாப்பாத்தி யாரையும் சமையலறைக்குள் விடவில்லை. உள்ளே ஏதேதோ விழும் சத்தம். மாராத்தாள் கதவருகில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒவ்வொரு சத்தத்துக்கும் உடம்பு ஒரு முறை முன்னால் போய்ப் பின்னால் வந்தது. பருப்பு தீயும் வாசனை வந்தபோது என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். ஆனால் உள்ளே போகவில்லை. அதற்கே ஒரு விருது கொடுக்கலாம்.

இலை போட்டார்கள். மாராத்தாள் உட்கார்ந்தார். பாப்பாத்தி எதிரில் நின்றபடி பரிமாறினார். முதல் கவளம் உள்ளே போனதும் மாராத்தாளின் கண் இரண்டும் ஒருமுறை மூடித் திறந்தன. நான் யாழியின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தேன், அவள் அழவே இல்லை என்றாலும். இரண்டாவது கவளம். மூன்றாவது. இலை காலியானது.

"எப்படியிருக்குது?" என்றார் பாப்பாத்தி.

பொய்க்குக் கையெழுத்துப் போடாத மனுஷி அவர். நான் சாமியைக் கும்பிட்டுக்கொண்டேன்.

மாராத்தாள் யோசித்தார். விரலை ஒருமுறை நக்கிப் பார்த்தார். "பருப்பு அடிபுடிச்சுப் போச்சு. தாளிப்புக் கருகிப் போச்சு. அரிசி வேகல." பாப்பாத்தியின் மூக்குத்திகள் நடுங்கின. "உப்பு மட்டும் செரியா இருக்குது. எனக்கு என்னைக்குமே ஒரு கல்லு கொறஞ்சுதான் போகும். நீ கடையில உப்புக் கொறச்சல்ங்கறயாமா, அது நெசந்தான்."

பாப்பாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. "இத இருவது வருசம் முன்னால சொல்லியிருந்தா என்னக்கா?" என்றார். "நீ இருவது வருசமா எங்கடி சமைச்சே?" என்றார் மாராத்தாள். "நீ உட்டாத்தானே!" அப்புறம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள், யாருக்கும் எதுவும் புரியவில்லை.

கையெழுத்து வாங்கும்போது ஒரு சங்கடம். சாட்சியாகத் தண்டபாணி பக்கத்தில் நிற்க வேண்டும். மாராத்தாள் வழக்கப்படி கதவுக்குப் பின்னால் போய்விட்டார். கதவிடுக்கில் பேப்பரை நீட்டினேன். ஒரு கை வந்து வாங்கியது.

தண்டபாணி தரையைப் பார்த்துக்கொண்டே, "அத்தை, கொஞ்சம் வெளிய வாங்க. மறுபடி ஒருக்கா தப்புப் பண்ணிப்போடக் கூடாதுங்களே" என்றார்.

கொஞ்ச நேரம் வளையல் சத்தம் மட்டும். பிறகு கதவு திறந்தது. மாராத்தாள் வெளியே வந்து நின்றார். தண்டபாணி நிமிர்ந்து பார்த்தார். இருவரும் ஒருவரையொருவர் அப்படிப் பார்த்துக்கொண்டார்கள், புது ஆட்கள் மாதிரி.

"பிரேமா உங்க சாடைங்களே!" என்றார் தண்டபாணி, கண்டுபிடித்தவர் போல.

"பின்ன யாரு சாடை இருப்பா?" என்றார் மாமியார். முதல் வார்த்தையே அதட்டல். கையெழுத்துப் போட்டார்.

ஜூலை 8, செவ்வாய்

திருத்தப் பத்திரம், சம்மதக் கடிதங்கள் இரண்டு, எல்லாம் ஏற்றியாயிற்று. யாழிக்கு லேசாக ஜலதோஷம். நெபுலைசர் வாங்கலாமா என்று விமலிடம் கேட்டேன். தும்மல் ஒன்றுதானே வந்திருக்கிறது என்கிறார்.

ஜூலை 10, வியாழன்

விசாரணை. கோட்டு, கழுத்துப் பட்டை எல்லாம் மாட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். கேன் மேசையிலேயே. பிரதீப் ஏ.சி.யை அணைத்து உதவினான். சத்தம் குறைந்தது, வியர்வை கூடியது. சார் தன் அறைக் கதவைப் பாதி திறந்து வைத்திருந்தார்.

சென்னையிலிருந்து அதிகாரி படித்துப் பார்த்தார். திரும்பப் படித்தார். "முதல் பத்திரத்துல மாமியார் முகம். ரெண்டாவது பத்திரத்துல மாமியார் முகம் இல்லை. நாலு வருஷம் தெரிஞ்சும் சொல்லலைன்னு அவரே எழுதியிருக்கார். ஏன் சொல்லலை?"

எத்தனையோ தீர்ப்புகளைப் படித்து வைத்திருந்தேன். எதிலும் இதற்குப் பதில் இல்லை. "மாமியார் மனசு சங்கடப்படும்னு சார். மாமியாரும் சொல்லலை, மாப்பிள்ளை மனசு சங்கடப்படும்னு."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எந்த ஊரு?"

"உடுமலை பக்கம் சார்."

"எங்க மாமியார் ஊரும் அங்கதான்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் விட்டுவிடவும் இல்லை. பொய்ப் பத்திரம் சாதாரண விஷயமில்லை என்று நன்றாகக் கண்டித்தார். தானாக முன்வந்து திருத்தியதால் பதிவு செய்துகொள்வதாகச் சொன்னார். பெயருக்கும் முகத்துக்கும் உரிய இருவரும் சம்மதித்திருப்பதால் ஆட்சேபம் நீங்கியது, விண்ணப்பம் ஏற்கப்பட்டது, டிரேட்மார்க் இதழில் விளம்பரப்படுத்தலாம்.

தண்டபாணி போனில் அழுதார். பெங்களூர் ஒப்பந்தத்தையும் மேடம்தான் எழுத வேண்டும் என்றார். சார் அறைக் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

ஜூலை 11, வெள்ளி

காலையில் சார் கூப்பிட்டார். "மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்னு சொல்லியிருந்தேனில்லம்மா..." என்று ஆரம்பித்து, பருவமழை, மேம்பால வேலை, யாழியின் ஜலதோஷம் எல்லாவற்றையும் தொட்டார். பார்வை மேலே போனது.

மாப்பிள்ளையிடம் நாலு வருஷம் யாரும் சொல்லவில்லை. நான் ஒரு மாதமாகக் கேட்கவில்லை. வித்தியாசம் என்ன?

"சார், என்னை நிறுத்திடலாம்னு நினைச்சீங்களா?"

அவர் பார்வை இறங்கியது. முகம் சிவந்தது. "நினைச்சேம்மா. குழந்தை சின்னது... லீவு எடுப்பீங்க... எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இந்த ஃபைலைக் கொடுத்தா அலைச்சல் தாங்காம நீங்களே..."

"நானே போயிடுவேன்னு."

"ம்."

அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. அதுவும் நல்ல சுத்தமான கோபம். "அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே சண்டை போட்டிருப்பேனே சார். ஒரு மாசம் அந்த ஸ்டூல்ல உக்கார வெச்சிட்டீங்களே."

"தப்புத்தாம்மா."

"நான் இருக்கப் போறேன் சார். பெங்களூர் ஒப்பந்தம் நான் எழுதறேன். நாலரை மணிக்குக் கிளம்புவேன், மீதியை வீட்டுல முடிச்சு அனுப்புவேன். என் மேசை எனக்கு வேணும்." ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

சார் நீண்ட மூச்சு விட்டார். "சரிம்மா. எல்லாம் சரி. ஆனா ஒண்ணு." கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "பிரதீப்கிட்ட எப்படிச் சொல்றது? என் சம்சாரத்தோட தங்கச்சி பையன். மனசு கஷ்டப்படுவான்."

"நான் சொல்றேன் சார்."

வெளியே வந்து பிரதீப்புக்கு எதிரில் உட்கார்ந்தேன். அவன் அவசரமாக எதையோ ஃபைலுக்கு அடியில் தள்ளினான். "தம்பி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"அக்கா, நானே உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான். ஃபைலை நகர்த்திக் காட்டினான். சிவில் ஜட்ஜ் தேர்வு வழிகாட்டி. "சென்னைக்குப் போய்ப் படிக்கணும் அக்கா. சேர்ந்த முதல் நாள்லேருந்து சொல்லணும்னு இருக்கேன். பெரியப்பா அவ்வளவு ஆசையாக் கூப்பிட்டு இந்த மேசையில உக்கார வெச்சாரு. எப்படிச் சொல்றதுன்னே தெரியல. மனசு கஷ்டப்படுவாரு."

நான் எழுந்தேன். சேலையைச் சரிசெய்துகொண்டு, மறுபடியும் சாரின் அறைக் கதவைத் தட்டினேன். இந்த ஆபீஸில் இனி என் வேலை என்ன என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது.